விஆரில் புரத மேப்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அதாவது புரதத்தை உறையவைத்துப் பார்க்கும் கருவியில், எடுத்த ஏராளமான படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு புரதத்தின் முப்பரிமாண அடர்த்தி மேப் கிடைக்கும். அதைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தி, சுற்றி நடந்து பார்க்க ஒரு காலத்தில் தனி அறையே கட்ட வேண்டியிருந்தது. சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1992-இல் காட்டிய 'கேவ்' அப்படிப்பட்டது: சுவர்களிலும் தரையிலும் ப்ரொஜெக்டர் படம் விழும், நடுவில் கண்ணாடி அணிந்து ஆள் நிற்பார். இன்று ஒரு கேமிங் கணினி, கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் உருவாக்கும் கைமீராஎக்ஸ் மென்பொருள் ஆகிய மூன்றும் போதும். கல்விப் பயன்பாட்டுக்கு அந்த மென்பொருள் இலவசம்.

ஆனால் கோளாறு வரும்போது அது கருவியிலா, மென்பொருளிலா, நம் தரவிலா என்று பிரித்தறிவது கடினம். மூன்றும் ஒரே காட்சியாகத்தான் கண்ணுக்கு முன் நிற்கின்றன. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நன்றாகத் தெரிந்த ஒரு சின்ன அமைப்பைத் திறந்து பாருங்கள். யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் இதற்குப் பொருத்தமானது. புரதத் தரவு வங்கியில் அதன் அடையாளம் 1யுபிக்யூ. மொத்தம் 76 அமினோ அமிலங்கள், நடுவில் தெளிவான ஓர் ஆல்ஃபா சுருள் (சங்கிலி திருகுபோலச் சுற்றிய பகுதி). அதிலும் அதே கோளாறு இருந்தால் கருவியையும் அமைப்புகளையும் பாருங்கள். அது சரியாக ஓடி, உங்கள் மேப்பில் மட்டும் தொல்லை என்றால் தரவைப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தச் சோதனை முடிந்தபிறகு செய்ய வேண்டியவை.

கட்டளை கொடுத்தாயிற்று, ஹெட்செட்டில் ஒன்றும் வரவில்லை

கைமீராஎக்ஸில் 'விஆர் ஆன்' கட்டளை, ஹெட்செட்டை இயக்கும் தனி மென்பொருளான ஸ்டீம்விஆர் வழியாகத்தான் ஹெட்செட்டை அடைகிறது. ஆகவே கைமீராஎக்ஸை மூடிவிட்டு ஸ்டீம்விஆரை மட்டும் திறந்து, அதன் சொந்த அறை ஹெட்செட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கைமீராஎக்ஸில் எதை மாற்றினாலும் பயனில்லை. கணினி இல்லாமலும் இயங்கக்கூடிய க்வெஸ்ட் வகை ஹெட்செட் என்றால் இன்னொரு படியும் உண்டு: முதலில் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினியுடன் இணைப்பு ஏற்பட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்டீம்விஆர். சார்ஜ் மட்டும் ஏற்றும் யுஎஸ்பி கேபிளைச் செருகிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பது பல ஆய்வகங்களில் நடக்கிறது. தரவு கடத்தும் கேபிளா என்று முதலில் பாருங்கள்.

பல மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் இருக்கும். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த, கைமீராஎக்ஸைச் சின்ன சிப்பில் ஓட்டிவிடும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறித்துவிட்டு மறுபடி திறங்கள்.

மேக் கணினியில் முயல்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்டீம்விஆர் 2020-இலேயே மேக்கைக் கைவிட்டுவிட்டது.

அறை தெரிகிறது, மூலக்கூறு காணோம்

பெரும்பாலும் அது காலடியில் இருக்கும், அல்லது நீங்கள் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருப்பீர்கள். விஆரை அணைத்து, திரையில் 'வியூ' கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தபின் மறுபடி விஆரைத் தொடங்குங்கள். உள்ளே போனபிறகு இரு கைக்கருவிகளாலும் பிடித்து அகற்றினால் பெரிதாகும், நெருக்கினால் சிறிதாகும்.

அப்படியும் மேப் ஓரிடத்தில், அணு மாதிரி (அணுக்களின் இடங்களைக் காட்டும் அமைப்பு) வேறிடத்தில் என்று தள்ளித் தள்ளி நின்றால் அது விஆர் பிரச்சினை அல்ல. மேப் கோப்பில் எழுதியிருக்கும் தொடக்கப்புள்ளி வேறு, மாதிரியின் ஆயத்தொலைவுகள் வேறு. ஒன்றை நகர்த்தி மற்றதோடு பொருத்த வேண்டும். இந்த வேலையைக் கையால் தோராயமாகச் செய்ய விஆர் மிக நல்ல இடம். மாதிரியைப் பிடித்து மேப்புக்குள் வைத்துவிட்டு, நுண்ணிய பொருத்தத்தை 'ஃபிட் இன் மேப்' கருவியிடம் விட்டுவிடலாம்.

தலையைத் திருப்பினால் காட்சி இழுபடுகிறது, துண்டுதுண்டாக வருகிறது

எப்போது இழுபடுகிறது என்று கவனியுங்கள். தலையைத் திருப்பும்போதெல்லாம் என்றால் வரைதலில் சிக்கல். அடர்த்தி வாசலை, அதாவது மேற்பரப்பை எந்த அடர்த்தி மதிப்பில் வரைவது என்ற எல்லையை, நகர்த்தும்போது மட்டும் உறைந்துபோகிறது என்றால் மேற்பரப்பைப் புதிதாகக் கணக்கிடும் நேரம் அது. இரண்டுக்கும் மருந்து ஓரளவு ஒன்றே. ஆனால் முதலாவதுதான் உடம்பைப் படுத்தும், அதை முதலில் தீர்க்க வேண்டும்.

மேசைத் திரையில் நொடிக்கு 25 படம் வந்தாலே நமக்குக் குறையாகத் தெரியாது. ஹெட்செட்டில் 90 வேண்டும். அதாவது ஒரு படத்துக்கு 11.1 மில்லிநொடி, அதற்குள் இரண்டு கண்களுக்கும் வரைந்து முடிக்க வேண்டும். க்வெஸ்ட் 2-இல் ஒரு கண்ணுக்கு 1832 × 1920 புள்ளிகள். இரண்டு கண்ணும் சேர்த்தால் ஏறத்தாழ 70 லட்சம். சாதாரண முழு எச்டி திரையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். லென்ஸின் வளைவைச் சரிசெய்ய ஸ்டீம்விஆர் இதைவிடவும் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிறது. எனவே 'என் திரையில் நன்றாகத்தானே ஓடியது' என்பதை இங்கே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டீம்விஆரில் 'ஃபிரேம் டைமிங்' வரைபடம் இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை மில்லிநொடி குறைகிறது என்று பாருங்கள். ஊகித்து ஊகித்து அமைப்புகளை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். நேரம் எல்லையைத் தாண்டினால் மென்பொருள் பாதிப் படங்களை மட்டும் வரைந்து மீதியைத் தானாக நிரப்பும். அப்போது பொருளின் விளிம்புகளில் நெளிவு தெரியும். அந்த நெளிவைக் கண்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

குறைக்கும் வரிசை இது. முதலில் ஒளி அமைப்பை 'சிம்பிள்' ஆக்குங்கள். 'சாஃப்ட்', 'ஃபுல்' இரண்டும் நிழல் கணக்கிடுபவை. திரையில் அழகு, ஹெட்செட்டில் சுமை. விளிம்புக் கோடுகளையும் அணைத்துவிடுங்கள். அடுத்து, மறைத்துவைக்க வேண்டியவற்றை மறையுங்கள்: எல்லா அணுக்களையும் உருண்டைகளாகக் காட்ட வேண்டியதில்லை, சங்கிலியின் போக்கைப் பட்டையாகக் காட்டும் ரிப்பன் போதும், நீங்கள் உற்றுப் பார்க்கும் இடத்தில் மட்டும் பக்கச்சங்கிலிகளை, அதாவது ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் கிளைத்து நிற்கும் பகுதிகளை, காட்டுங்கள். ஒளி ஊடுருவும் மேற்பரப்புகளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் நேரம் குறையவில்லை என்றால்தான் மேப்பைத் தொட வேண்டும்.

மேப்பில் கை வைக்கும்போது கணக்கைத் தெரிந்துகொண்டு வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 512 வோக்ஸல் (மேப்பின் முப்பரிமாணப் புள்ளி) கொண்ட மேப்பில் 13 கோடியே 42 லட்சம் வோக்ஸல்கள். ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 537 மெகாபைட். 'ஸ்டெப்' மதிப்பை 1-இலிருந்து 2 ஆக்கினால் ஒன்றுவிட்டு ஒன்று மட்டுமே எடுக்கப்படும். வோக்ஸல்கள் எட்டில் ஒரு பங்காகும், வரைய வேண்டிய முக்கோணங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். வேகம் உடனே தெரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வோக்ஸல் அளவு 1.06 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் 2-இல் மாதிரிப் புள்ளிகளின் இடைவெளி 2.12 ஆகிவிடும், அதில் 4.24 ஆங்ஸ்ட்ராமைவிட நுண்ணிய எதுவும் உண்மையாக நிற்காது. 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவுள்ள மேப்பை இப்படிப் பார்த்துவிட்டு 'பக்கச்சங்கிலிகள் தெரியவில்லை' என்று முடிவுகட்டக் கூடாது. மொத்த வடிவத்தைப் பார்க்க ஸ்டெப் 2. வேண்டிய பகுதிக்குப் போனதும் 'கிராப்' கருவியால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு ஸ்டெப் 1. நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்.

மங்கலாகத் தெரிகிறது

எது மங்கல் என்று பாருங்கள். மிதக்கும் பலகையிலுள்ள எழுத்துகளும் சேர்ந்து மங்கல் என்றால் ஹெட்செட்டை மேலும் கீழும் அசைத்துத் தெளிவான இடத்தைப் பிடியுங்கள், லென்ஸ் இடைவெளியைச் சரிபாருங்கள், துணியால் துடையுங்கள். எழுத்து கூர்மையாக இருந்து மேப் மட்டும் மழுங்கியிருந்தால் மேலே சொன்ன ஸ்டெப்தான். பெரிய மேப்புகளைத் திறக்கும்போது கைமீராஎக்ஸ் தானாகவே ஸ்டெப்பைக் கூட்டி வைக்கும். 2, 4 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

குமட்டல், அல்லது கண்வலி

இவை இரண்டும் வேறு வேறு காரணத்தால் வருபவை. புதியவருக்கு ஹெட்செட்டைக் கொடுக்கும்போது 'எங்கே தொல்லை, வயிற்றிலா கண்ணிலா' என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

வயிற்றைப் பிரட்டினால் அசைவில் பிரச்சினை. படங்கள் பிந்தி வருகின்றன, அல்லது நீங்கள் நிற்க உலகமே நகர்கிறது. முதலாவதற்கு மேலே சொல்லியாயிற்று. இரண்டாவதற்கு, மூலக்கூறுக்குள் பறந்துபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூலக்கூறைக் கையில் பிடித்துத் திருப்புங்கள், இழுங்கள், இல்லையென்றால் உங்கள் காலால் நடந்து போய்ப் பாருங்கள். காட்சி முழுவதையும் மூடும் அளவுக்கு மேப்பைப் பெரிதாக்கிச் சுழற்றுவதும் பறப்பதற்குச் சமம். ஒரு மீட்டர் அகலத்துக்குள் வைத்துக்கொண்டால் அறையின் தரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், உடம்பு நிலை தடுமாறாது. வியர்வையும் குமட்டலும் தொடங்கியவர் 'கொஞ்சம் சமாளித்துக்கொள்கிறேன்' என்று தொடர அனுமதிக்காதீர்கள். உடனே கழற்றச் சொல்லி உட்கார வையுங்கள்.

கண்ணோ நெற்றியோ வலித்தால் லென்ஸ் இடைவெளியைப் பாருங்கள். வளர்ந்தவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். க்வெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். ஒரே ஹெட்செட்டைப் பலர் மாற்றிமாற்றிப் போடும் ஆய்வகத்தில், ஒவ்வொருவரும் தம் அளவை ஒரு தாளில் எழுதி ஹெட்செட் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்ல வழக்கம்.

இடைவெளி சரியாக இருந்தும் வலித்தால், மிக அருகில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஹெட்செட்டின் லென்ஸ் படத்தை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட மீட்டர் தொலைவில் நிலையாகக் குவிக்கிறது. பக்கச்சங்கிலியை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தால் இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும், குவியம் மட்டும் தொலைவிலேயே நிற்கும். இந்த முரண்தான் வலி. உற்றுப் பார்க்க வேண்டியதை அருகில் இழுக்காமல் பெரிதாக்கி, கை நீட்டும் தூரத்திலோ அதற்கு அப்பாலோ வையுங்கள்.

இரு கண் ஆழப்பார்வை இல்லாதவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு ஹெட்செட் போடும்வரை அது தெரிந்திருக்காது. தலையை அசைத்துப் பார்ப்பதால் கிடைக்கும் ஆழம் அவர்களுக்கும் கிடைக்கும். அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள்.

கைக்கருவி துள்ளுகிறது, மிதந்து போகிறது

வைவ், இண்டெக்ஸ் போன்ற ஹெட்செட்டுகள் அறை மூலையில் பொருத்திய நிலையங்களின் அகச்சிவப்பு ஒளியை நம்புபவை. கண்ணாடிக் கதவு, வெள்ளைப் பலகை, எஃகு மேசை, அணைத்துவைத்த பெரிய திரை எல்லாம் அந்த ஒளியைத் திருப்பிவிடும். ஆய்வகத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. சந்தேகப்படும் பரப்பின்மேல் ஒரு போர்வையைப் போட்டுப் பாருங்கள். துள்ளல் நின்றால் குற்றவாளி அதுதான். க்வெஸ்ட் வகை தன் கேமராவால் அறையைப் பார்த்து இடம் அறிவது. அதற்கு வெளிச்சமும், வெறுமையாக இல்லாத சுவரும் வேண்டும்.

எந்த ஹெட்செட்டாக இருந்தாலும் சன்னல் பக்கம் லென்ஸ் மேல்நோக்கி வைக்கக் கூடாது. வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையை எரித்துவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எல்லாம் சரியாக ஓடுகிறது, மாதிரி மட்டும் மேப்பில் உட்கார மறுக்கிறது

இழுபறியும் குமட்டலும் தாமே காட்டிக்கொடுக்கும். இந்த அறிகுறி அப்படியல்ல. காட்சி அருமையாக இருக்கும், கையால் தொடுவதுபோல இருக்கும், அதனாலேயே நம்பிவிடுவோம். இரண்டு காரணங்களைத் தேடுங்கள்.

ஒன்று அளவு. மேப் கோப்பின் தலைப்பில் வோக்ஸல் அளவு எழுதப்பட்டிருக்கும். இடையில் ஏதோ ஒரு மென்பொருள் அதை 1.00 என்று எழுதிவிட்டால், உண்மையில் 1.06 ஆங்ஸ்ட்ராமாக இருந்த மேப் ஆறு சதவீதம் சுருங்கித் தெரியும். விஆரில் நாம் நினைத்தபடி பெரிதாக்கிச் சிறிதாக்குவதால் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். புரதத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: ஆல்ஃபா சுருளின் ஒரு சுற்றுக்கு 5.4 ஆங்ஸ்ட்ராம், 3.6 அமினோ அமிலம். ஐந்து சுற்றுள்ள நீளமான சுருளைத் தேடி, தூரம் அளக்கும் கருவியால் அளந்தால் 27 வர வேண்டும். 25.5-க்குப் பக்கத்தில் வந்தால் மேலே சொன்ன கோளாறேதான். ஒரு சுற்றை மட்டும் அளக்காதீர்கள். கை நடுங்கும் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். நடுவில் பொருந்தி, ஓரங்களுக்குப் போகப் போக மாதிரி விலகிக்கொண்டே போவதும் இதன் அடையாளம்.

இன்னொன்று கை, அதாவது சுருள் வலக்கைப் பக்கம் சுற்றுகிறதா இடக்கைப் பக்கமா என்பது. மேப் கண்ணாடி பிம்பமாக வந்திருக்கலாம். கிரையோ முறையில் நமக்குக் கிடைப்பவை நிழல் போன்ற இருபரிமாணப் படங்கள். ஒரு பொருளும் அதன் கண்ணாடி பிம்பமும் எல்லாத் திசைகளிலும் சேர்த்து ஒரே தொகுப்புப் படங்களைத்தான் தரும். நுண்ணோக்கியில் புரதம் வைத்திருக்கும் மேடையைச் சாய்க்காமல் எடுத்த படங்களை வைத்து வழக்கமான கணக்கால் இரண்டையும் பிரிக்க முடியாது. எனவே கணினி சரிபாதி வாய்ப்பில் தவறான கையைத் தரும். அதில் யாருடைய குறையும் இல்லை. ஆனால் பார்த்துத் திருத்துவது நம் கடமை.

விஆரின் முழுப் பயனும் இங்கேதான் தெரிகிறது. சுருளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வலக்கைக் கட்டைவிரலை அதன் நீளவாக்கில் மேல்நோக்கி வைத்து, மற்ற விரல்களை மடக்குங்கள். விரல்கள் மடங்கும் திசையில் அடர்த்தியைத் தொடர்ந்து போனால் சுருள் மேலேறிப் போக வேண்டும். புரதங்களின் ஆல்ஃபா சுருள் வலக்கைச் சுருள். கீழிறங்கினால் மேப் புரண்டிருக்கிறது. 'வால்யூம் ஃபிளிப்' கட்டளை ஒரு அச்சில் அதைத் திருப்பிவிடும். இந்தச் சோதனைக்குத் தெளிவு வேண்டும். 6, 8 ஆங்ஸ்ட்ராம் மேப்புகளில் சுருள் வெறும் குழாயாகத்தான் தெரியும், அதில் கை பார்க்க முடியாது. அங்கே ஏற்கெனவே தெரிந்த அமைப்பைப் பொருத்திப் பார்க்கலாம், அல்லது மேடையைச் சாய்த்துச் சாய்க்காமல் என்று இணை இணையாக எடுத்த படங்களை நாட வேண்டும்.

ஒரு நுட்பம். சுருள் தப்பாகத் தெரிந்தால் மேப்பைத் திருப்புவதற்கு முன், யுபிக்விட்டினைத் திறந்து அதன் சுருளையும் பாருங்கள். அதுவும் இடக்கைச் சுருளாகத் தெரிந்தால் குற்றம் மேப்பில் இல்லை. இடக்கண் படமும் வலக்கண் படமும் இடம் மாறியிருக்கின்றன. ஹெட்செட்டில் இது அரிது, முப்பரிமாண ப்ரொஜெக்டரிலும் திரையிலும் நடக்கும். அப்போது முன்னிருப்பது பின்னாகவும் பின்னிருப்பது முன்னாகவும் தோன்றும், வலை போன்ற மேப்பில் அது கண்ணாடி பிம்பம் போலவே இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலக்கூறை மெல்லத் திருப்புங்கள். அப்போது தோன்றும் ஆழமும் இரு கண்ணால் கண்ட ஆழமும் முரண்பட்டால் படங்களை இடம் மாற்றுங்கள், மேப்பைத் தொடாதீர்கள்.

1968-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட்ரிக் ரிச்சர்ட்ஸ், பாதி ஒளி ஊடுருவும் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, ஒரு பக்கம் அடர்த்தி வரைந்த தாள்கள், மறுபக்கம் கம்பி மாதிரி என்று இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கும் பெட்டியைச் செய்தார். படிகவியலாளர்கள் அதற்குள் கைவிட்டுக் கம்பியை வளைத்துப் புரதங்களைக் கட்டினார்கள். நாம் ஹெட்செட்டில் செய்வது அதே வேலைதான். அளவும் கையும் சரிதானா என்று அவர்களும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மேப்பில் ஒரு பாலம் தெரிகிறது, அது உண்மையா

இரு பகுதிகளை இணைக்கும் மெல்லிய அடர்த்தி. அல்லது குழிக்குள் ஒரு மருந்து மூலக்கூறு போன்ற குமிழ். விஆரில் இதைக் கண்டதும் உற்சாகம் வரும். அடர்த்தி வாசலை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதுகெலும்புச் சங்கிலி உடையத் தொடங்கும் மதிப்பு வரை அந்தப் பாலமும் நின்றால் மதிக்கலாம். சங்கிலி திடமாக இருக்கும்போதே பாலம் கரைந்துவிட்டால் ஐயத்தோடு வையுங்கள். கரைப்பானின் இரைச்சல் வெளியே பொட்டுப்பொட்டாகத் தெரியும் மதிப்பில் மட்டுமே அது இருக்கிறது என்றால், அந்தப் பொட்டுகளுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் அதற்கும். 'ஹைட் டஸ்ட்' கருவி அந்தப் பொட்டுகளை மறைத்துக் காட்சியைச் சுத்தமாக்கும். அதனாலேயே இந்தச் சோதனையின்போது அதை அணைத்துவைக்க வேண்டும். இரைச்சலை மறைத்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

அடுத்த சோதனை இதைவிடக் கறாரானது. கிரையோ முறையில் தரவை இரண்டாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இரு அரை மேப்புகளைக் கட்டுவது வழக்கம். அந்த இரண்டையும் திறந்து, ஒன்று நீலம் மற்றது ஆரஞ்சு என்று வலை வடிவில் ஒரே இடத்தில் வையுங்கள். தலையை உள்ளே நீட்டி அந்தப் பாலத்தைப் பாருங்கள். இரண்டு நிறமும் ஒன்றாகப் பின்னிப் போனால் அது தரவில் இருக்கிறது. ஒரு நிறம் மட்டும் பாலம் கட்டி, மற்றது வெறும் இடைவெளியாக விட்டிருந்தால் அது இரைச்சல். அரை மேப்புகளில் தரவு பாதிதான் என்பதால் இரைச்சல் கூடுதலாகவே இருக்கும். வாசலைச் சற்று மாற்றி இரண்டுக்கும் ஒரே மதிப்பை வையுங்கள்.

பார்த்து முடித்ததும் செஷன் கோப்பைச் சேமிக்கும்போது அதோடு ஒரு குறிப்பையும் எழுதிவையுங்கள்: எந்த வாசல், எந்த ஸ்டெப், எந்த வோக்ஸல் அளவு, மேப் திருப்பப்பட்டதா இல்லையா. ஹெட்செட் இல்லாத சக ஆய்வாளர் சாதாரணத் திரையில் அதே இடத்துக்கு வந்து, நீங்கள் கண்டது அவருக்கும் தெரிகிறதா என்று பார்க்க அவ்வளவு போதும்.